இரவல் போகாத புத்தகம்

அண்ணன் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துபவர். பள்ளி விட்டால் நகரப் பண்பாட்டு மன்றம்தான் அவருக்கு எல்லாம். மன்றம் நடத்தும் பொது உரையாடல்களுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். தெருவோர மரங்களை வெட்டலாமா, முதியவர்களை யார் பார்த்துக்கொள்வது, பிள்ளைகள் ஏன் பெற்றோரிடம் பேசுவதில்லை என்று எதை எடுத்தாலும், அவர் கைக்கு மைக் போனால் கூடம் கலகலத்துவிடும். கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து சொற்பொழிவே ஆற்றிவிடும் ஆசாமிகளைக்கூட மனம் நோகாமல் உட்கார வைக்கத் தெரிந்தவர். ஒவ்வொரு கூட்டத்தையும், "இங்க எதையும் பேசலாம். கூச்சப்பட வேண்டியது எதுவும் இல்ல" என்று சொல்லித்தான் தொடங்கி வைப்பார்.

அவருக்கு ஒரே தம்பி. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு ஓட்டினான். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெயின்டர் ஒருவர் மேல் வண்டி ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே அந்த மனிதர் இறந்துபோனார். தம்பி கோர்ட்டில் எதையும் மறுக்கவில்லை. தண்டனை முடிந்து வெளியே வந்தவன், ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடைக்கு மேலேயே ஓர் அறையில் தங்கிக்கொண்டான். அதன்பிறகு அவன் ஸ்டியரிங்கையும் தொடவில்லை, குடியையும் தொடவில்லை.

அவன் உள்ளே இருந்த வருஷங்களில், தம்பி கப்பலில் வேலைக்குப் போயிருப்பதாக அண்ணன் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தார். சொன்னபோது சின்னப் பொய்யாகத்தான் இருந்தது. பிறகு அது தன் பாட்டுக்கு வளர ஆரம்பித்தது. இப்போது எந்தத் துறைமுகம், எப்போது லீவு என்று சக ஆசிரியர்கள் விசாரித்தார்கள். தலைமையாசிரியர் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிவரச் சொன்னார். தம்பி வெளியே வந்தபிறகு இதெல்லாம் அவன் காதில் விழுந்தது. அவன் கோபப்படவில்லை.

"கப்பல்ல எனக்கு என்ன வேலைண்ணே? கேப்டனா, கக்கூஸ் கழுவுறவனா? நாளைக்கு யாராவது கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்ல" என்று சிரித்தான். அண்ணனும் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் அண்ணன் வீட்டில்தான் சாப்பிடுவான். வாசலில் வேற்று ஆள் செருப்பு கிடந்தால், யாரோ வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அப்படியே திரும்பிப் போய்விடுவான். அப்படிப் போகச் சொல்லி யாரும் அவனிடம் சொன்னதில்லை. போகாதே என்றும் யாரும் சொன்னதில்லை.

அந்த வருஷம் மன்றம் புதிதாக ஒன்றைச் செய்ய நினைத்தது. ஒருநாள் மட்டும் நடக்கும் நூலகம். ஆனால் அதில் புத்தகங்களுக்குப் பதில் மனிதர்கள். வாழ்க்கையில் எதையாவது கடந்து வந்தவர்கள் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர்கள் பலகையில் தொங்கும் அட்டைகளைப் படித்துவிட்டு, 'இவர் வேண்டும்' என்று கேட்டு, எதிரே உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். தலைப்பை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும். யோசனை மன்றத்தின் அதிகாரியுடையது. அந்த அம்மா எங்கோ வெளியூரில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அண்ணன் அதைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்.

பெயர் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசக் கூடிய அன்று அதிகாரி உற்சாகத்தில் இருந்தார்.

"பிணவறையில வேலை பாக்குறவர் இருக்காரு. அறுபது வயசுல முதல் கல்யாணம் பண்ணிக்கிட்ட அம்மா இருக்காங்க. காது கேக்காத தையல்காரர் இருக்காரு. ஆனா இவர் மாதிரி ஒருத்தர் கிடைக்கிறது கஷ்டம். தானாவே வந்து பேர் கொடுத்துட்டுப் போயிருக்காரு. தலைப்பு என்ன தெரியுமா? 'குடித்துவிட்டு ஓட்டியவன்'."

அண்ணன் கையிலிருந்த பேனா நின்றது.

"டயர் கடையில வேலை. நான் நேர்ல பேசிப் பாத்தேன். ஒரு வார்த்தை தன்னை நியாயப்படுத்திப் பேசல. செத்துப்போனவரோட பேரு, குடும்பம் எதையும் வெளிய சொல்ல மாட்டேன், என்னைப் பத்தி மட்டும் கேக்கட்டும்னாரு. என்ன சார் சொல்றீங்க?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் என் தம்பி என்று சொன்னால் முடிந்தது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொஞ்சம் சிக்கலான விஷயம். ஜனங்க எப்படி எடுத்துப்பாங்களோ..." என்று இழுத்தார்.

"இதச் சொல்றது நீங்களா?" என்று அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

அந்த ஞாயிறு தம்பி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, உட்காராமல் சுவரோரம் நின்றான்.

"அண்ணே, உங்க மன்றத்துல பேர் கொடுத்திருக்கேன். பஸ் ஸ்டாப்புல நோட்டீஸ் பாத்தேன். உன்னக் கேட்டுட்டுத்தான் கொடுத்திருக்கணும். கேட்டா எங்க தைரியம் போயிடுமோன்னு கொடுத்துட்டேன்."

"ஏன்டா உனக்கு இந்த ஆசை?" என்றார் அண்ணன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

தம்பி யோசித்தான். "கடைக்கு வர்ற பசங்க சில பேர் குடிச்ச வாய் நாத்தத்தோட வந்து, சாவிய விரல்ல சுத்திட்டு நிப்பாங்க. ஏதாவது சொல்லணும்னு இருக்கும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது. டயர மாட்டிக் கொடுத்து அனுப்பிடுவேன். அங்க உக்காந்தா, அவங்களே கேப்பாங்கல்ல?" கொஞ்சம் தயங்கினான். "அதோட, இதப் பத்தி எங்கிட்ட யாருமே எதுவும் கேட்டதில்லண்ணே. கோர்ட்டுல கேட்டதோட சரி."

அண்ணி சமையலறை வாசலில் ஈரக்கையைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

"உனக்குச் சங்கடம்னா இப்பவே சொல்லிடு. உடம்பு சரியில்லன்னு நானே சொல்லிக்கிறேன். மனசுல எதுவும் வச்சுக்க மாட்டேன், சத்தியமா" என்றான் தம்பி.

வேண்டாம் என்ற வார்த்தை அண்ணனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. எதிரே தம்பி நிற்கிறான். பக்கத்தில் மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம்கூட மேடையில் மனம் திறப்பதைப் பற்றி வாய் கிழியப் பேசியாகிவிட்டது. வந்த வார்த்தையை மென்று விழுங்கினார்.

"எனக்கென்னடா சங்கடம்? தாராளமா வா. நல்ல விஷயம்தானே."

"அங்க உன்னத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டேன்" என்றான் தம்பி.

அதைக் கேட்டதும் அண்ணனுக்கு நிம்மதியாக இருந்தது. இதற்குப் போய் நிம்மதியா என்று ஒரு கணம் உறுத்தியது. பிறகு அந்த உறுத்தலும் போய்விட்டது.

நூலகம் நடக்கும் சனிக்கிழமை காலை, கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும்போதே தம்பி வந்துவிட்டான். அண்ணி தேய்த்துக் கொடுத்த வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தான். நகத்துக்குள் ஏறியிருந்த டயர்க் கரியை எதைப் போட்டுத் தேய்த்தானோ, விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. அதிகாரி அவனுக்கு வாசலையொட்டிய முதல் மேசையை ஒதுக்கியிருந்தார். அண்ணன் அதைப் பார்த்தார்.

"இங்க ஒரே இரைச்சலா இருக்குங்க. மாடியில ஒரு ரூம் இருக்கு, அமைதியாப் பேசலாம். வாங்க, காட்டுறேன்" என்று முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல் சொன்னார்.

"சரிங்க சார்" என்று தம்பி பின்னால் வந்தான். மாடிப்படித் திருப்பத்தில் யாரும் இல்லாத இடம் பார்த்து, "நல்லாத்தான் நடிக்கிறண்ணே" என்று காதோரம் கிசுகிசுத்தான்.

அது முன்பு பழைய கோப்புகளைப் போட்டு வைத்திருந்த அறை. பின்சந்தைப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஜாடித் தண்ணீர். தம்பி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். எழுந்து, எதிர் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். அண்ணன் கீழே வந்துவிட்டார்.

கதவு திறந்ததும் கூட்டம் யாரும் எதிர்பாராத அளவுக்கு வந்தது. வாசல் மேசையில், ஆட்களை அனுப்பும் பொறுப்பை ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் ஏற்றிருந்தார். ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவைச் சமாளித்த அனுபவம் அந்த அம்மாவுக்குக் கைகொடுத்தது. "தள்ளாதீங்க, எல்லாருக்கும் ஆள் இருக்கு" என்று அதட்டியபடி, பலகையில் அட்டைகளைச் சரிசெய்து கொண்டிருந்தார்.

அப்போதுதான் தலைமையாசிரியர் மனைவியோடு உள்ளே வந்தார்.

"கலக்கிட்டீங்க சார்!" என்று அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். ஓர் அட்டையில் விரலை வைத்தார். "இவரத்தான் பாக்கணும். எவ்வளவு தைரியம் பாருங்க. எங்க இருக்காரு?"

தலைமையாசிரியர் தம்பியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அண்ணனும் தம்பியும் உரித்து வைத்த மாதிரி இருப்பார்கள். அதே நெற்றி, அதே விடைத்த காது, பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கும் அதே பழக்கம். அதிகாரி கவனிக்காமல் விட்டிருக்கலாம்; தினமும் முகம் பார்க்கும் இவர் எதிரே உட்கார்ந்தால் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

"அவர் வரல சார்" என்றார் அண்ணன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். "வரலையா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்று அந்த அட்டையைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

தலைமையாசிரியர் பிணவறைக்காரரிடம் போய் உட்கார்ந்தார். அவர் போனதும் நர்ஸம்மாவிடம் சொல்லி அட்டையை மாட்டிவிடலாம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். அவர் போவதற்குள் சக ஆசிரியர்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களும் போகட்டும் என்று பார்த்தார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். இப்படியே தள்ளிக்கொண்டே போனது. நோட்டீஸில் எல்லாத் தலைப்பும் அச்சாகியிருந்ததால், அட்டை இல்லாவிட்டாலும் வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நர்ஸம்மா ஒவ்வொருவரிடமும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் அதிகாரி வந்து, "முதல் மேசைக்காரர் எங்க சார்?" என்று கேட்டார். "மாடிக்கு மாத்திட்டேன். நல்லாப் போயிட்டிருக்கு" என்று அண்ணன் வாய் கூசாமல் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு விருந்தினர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

மதியம் ஒரு டீயை எடுத்துக்கொண்டு அண்ணன் மாடிக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. தம்பி, எதிர் நாற்காலியில் யாரோ இருப்பதுபோல் அதைப் பார்த்தபடி, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் ஆவலாகத் திரும்பினான். அண்ணனைக் கண்டதும் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"யாராச்சும் கேட்டாங்களாண்ணே?"

"கூட்டம் கம்மிதான். இனிமேதான் வருவாங்க."

கீழே யாரோ எதற்கோ சிரிக்க, கூடமே சேர்ந்து சிரித்தது. அந்தச் சத்தம் தரை வழியாக அறைக்குள் ஏறி வந்தது. தம்பி அதைக் கேட்டான். அண்ணனைப் பார்க்காமல் டீயை வாங்கிக்கொண்டான்.

"பரவால்ல. நீ போய் வேலையப் பாரு" என்றான்.

அண்ணன் இறங்கி வந்தபோது நர்ஸம்மாவின் மேசைமுன் ஒரு பெண்மணி நின்றிருந்தார். வெந்நீரில் ஊறி வெளுத்துப்போன கைகள். அந்தக் கையில் நாலாக மடித்த நோட்டீஸ்.

"இவரு சாயங்காலமாவது வருவாராம்மா? நான் லாண்டரியில லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "என் பையன் உள்ள இருக்கான். இதே மாதிரிதான், குடிச்சிட்டு ஓட்டினான். சீக்கிரம் வெளிய வரப்போறான். வந்தா அவங்கிட்ட எப்படிப் பேசுறது, எதப் பேசக்கூடாதுன்னு ஒண்ணும் புரியல. அந்த மாதிரி ஒருத்தர்கிட்டதானே இதக் கேக்க முடியும்?"

நர்ஸம்மா அண்ணன் பக்கம் திரும்பினார். "சார், அவரோட போன் நம்பர் ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க" என்றார் அண்ணன்.

தலைக்கு நேர் மேலே இருந்தது அந்த அறை. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவேளை வந்தாலும் வருவார் என்று அந்த அம்மா கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு நோட்டீஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அண்ணி வந்தார். நேராக நர்ஸம்மாவிடம் போய், "என் கொழுந்தன் எந்த மேசையில இருக்கார்?" என்று கேட்டார்.

"உங்க கொழுந்தனா? அவரும் வந்திருக்காரா?"

"குடித்துவிட்டு ஓட்டியவன்னு போட்டிருக்கே, அவர்தான்."

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "அவர் வரலையேம்மா. காலையிலயே சார்தானே சொன்னாரு?"

கூடத்தின் மறுகோடியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த அண்ணனை அண்ணி பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அண்ணனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. அண்ணி அவரிடம் வரவில்லை. படியைத் தேடிக் கண்டுபிடித்து மாடிக்கு ஏறிப் போனார்.

போனவர் நெடுநேரம் கீழே வரவில்லை. அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலே போகவும் முடியவில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவும் முடியவில்லை. அண்ணி திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அண்ணனைத் தூண் மறைவுக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"எதிர் நாற்காலியில நான் உக்காந்தேன். 'வெளிய யாரும் இரவல் வாங்காத புத்தகத்த வீட்டு ஆளே எடுத்துப் படிக்கிறீங்களா அண்ணி'ன்னு சிரிச்சான். அப்புறம் எல்லாத்தையும் சொன்னான். அந்த பெயின்டர் கையில பச்சை பெயின்ட் காயாம இருந்துச்சாம். அதத்தான் முதல்ல பாத்தானாம். அவன் பச்சை நிறத்துல எதுவும் போடறதில்ல, எனக்குத் தெரியும். ஏன்னு ஒருநாளும் கேட்டதில்ல. நீங்களும் கேட்டதில்ல."

அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணி கையைக் காட்டித் தடுத்தார்.

"தன்ன யாருக்கும் வேணாம்னு நினைச்சுட்டு உக்காந்திருக்கான். நீங்க செஞ்சத நான் அவங்கிட்டச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அது உங்க வேலை."

நிகழ்ச்சி முடிவில் நன்றி சொல்ல அண்ணனை மேடைக்கு அழைத்தார்கள். கூடம் நிரம்பியிருந்தது. தம்பி பின்படி வழியாக இறங்கி, யார் கண்ணிலும் படாமல் வெளியே போவதை மேடையிலிருந்து பார்த்தார். "இன்னிக்கு நாம ஒருத்தர ஒருத்தர்..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே வார்த்தை வரவில்லை. "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து ஜனங்கள் பலமாகக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் நிற்கும்வரை அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்று இரவே டயர் கடைக்குப் போனார். தம்பி சட்டையை மாற்றிவிட்டு, பழைய பனியனோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காற்றடித்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா."

"சொல்லு."

"இன்னிக்கு உன்ன நிறைய பேர் கேட்டாங்க."

தம்பி நிமிர்ந்தான். "என்னையா?"

"ஆமா. காலையிலிருந்தே. மத்த எல்லாரையும் விட உன்னத்தான் அதிகமாக் கேட்டாங்களாம்."

தம்பியின் முகம் மலர்ந்தது. விடுதலையாகி வெளியே வந்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அண்ணன் பார்த்ததில்லை. "நெஜமாவா? எதுக்குக் கேட்டாங்க? திட்டுறதுக்கா?" என்று சிரித்தான். "அப்புறம் ஏன்ணே ஒருத்தரும் மேல வரல? அந்தப் படி இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது. வழி தெரியாமப் போயிருப்பாங்க, இல்ல?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். தம்பியே வழி எடுத்துக் கொடுத்துவிட்டான். அண்ணனுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

"நான்தான் நீ வரலைன்னு சொல்லிட்டேன்" என்றார்.

தம்பியின் கை தொட்டிக்குள் அப்படியே நின்றது. டியூபிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

"யாரு வந்திருந்தா?"

"எங்க தலைமையாசிரியர்."

"பைனாகுலர் கேட்டவரா?"

"ஆமா."

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. டியூபை வெளியே எடுத்துத் தரையில் போட்டான். "வேணாம்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே. நான்தான் கேட்டேனே" என்றான். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நான் மேல உக்காந்து என்ன நினைச்சேன் தெரியுமா? கீழ அவ்வளவு சத்தம், சிரிப்பு. எல்லாரும் என் அட்டையப் படிச்சுட்டு, இவன் வேணாம்னு வேற மேசைக்குப் போறாங்கன்னு நினைச்சேன். நானா இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

அண்ணனுக்குத் தலை நிமிரவில்லை. மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று அந்த லாண்டரி அம்மாவைப் பற்றிச் சொன்னார். மகன் உள்ளே இருப்பதை, லீவு சொல்லிவிட்டு வந்ததை, பெஞ்சில் காத்திருந்ததை எல்லாம் சொன்னார். கேட்கக் கேட்கத் தம்பியின் முகம் இறுகியது. எழுந்து நின்றான்.

"அவங்க எங்க இருக்காங்க?"

"தெரியாதுடா."

"கண்டுபிடி. அனுப்பிவிட்டது நீதானே? நீதான் கண்டுபிடிக்கணும்" என்றான். அண்ணனிடம் அவன் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை அண்ணன் முதலில் மன்றத்துக்குப் போய் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி முழுவதையும் கேட்டார். "உங்கள நம்பித்தான் சார் நான் இத ஆரம்பிச்சேன்" என்றார் கடைசியில். பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அண்ணன் சொன்னதற்கு, வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் பள்ளி வராந்தாவில் வைத்துச் சொன்னார். "ஓ, அப்படியா" என்றார் அவர். அன்றிலிருந்து அண்ணனிடம் அளவுக்கு மீறிய மரியாதையோடு நடந்துகொள்ள ஆரம்பித்தார். கப்பலைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. நர்ஸம்மாதான் யோசித்து, அந்தக் கையைப் பார்த்தால் ஆஸ்பத்திரி லாண்டரியாகத்தான் இருக்கும் என்று சொன்னார். சொல்லும்போது அண்ணன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், நீராவி முட்டும் கொட்டகையில் அந்த அம்மா படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கூனிக் குறுகி நின்று விஷயத்தைச் சொன்னார்.

"அப்போ அவரு மாடியிலதான் இருந்தாரா?"

"ஆமாம்மா."

"நான் கீழதானே உக்காந்திருந்தேன். நீங்களும் பக்கத்துல நின்னீங்களே?"

"ஆமாம்மா."

அந்த அம்மா ஒரு விரிப்பை உதறி, மடித்து, அடுக்கின் மேல் வைத்தார். "அவரு உங்களுக்கு யாரு?"

"கூடப் பிறந்த தம்பி. கப்பல்ல வேலையா இருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்."

அண்ணன் திட்டை எதிர்பார்த்து நின்றார். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தாலும் தேவலை என்றிருந்தது. ஆனால் அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "என் பொண்ணும் மாமியார் வீட்டுல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கா, அண்ணன் வெளிநாட்டுல இருக்கான்னு" என்றார். "அவரக் கூட்டிட்டு வாங்க. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சதும் வெளிய வருவேன்."

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடை பெஞ்சில் தம்பியும் அந்த அம்மாவும் உட்கார்ந்தார்கள். அண்ணன் அறிமுகம் செய்து வைத்துவிட்டு, தம்பி கேட்பதற்கு முன் தானாகவே சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார். பஸ்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே அவர்கள் தெரிந்தும் மறைந்தும் இருந்தார்கள். முதலில் அந்த அம்மாதான் பேசினார். பிறகு தம்பி பேச ஆரம்பித்தான். நடுவில் அந்த அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கென்று அண்ணனுக்குத் தெரியவில்லை. வாங்கி வைத்த டீயை இருவரும் தொடவே இல்லை.

பேச்சு முடிந்து தம்பி சாலையைக் கடந்து வந்தான்.

"பையனப் பாக்கப் போகும்போது என்னையும் வரச் சொல்றாங்க" என்றான்.

"நானும் கூட வரட்டுமாடா?"

"வேணாம்ணே."

அதில் கோபம் இல்லை. வேண்டாம் என்பது மட்டும்தான் இருந்தது. பஸ் வந்தது. தம்பி ஏறிப் போய்விட்டான்.

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பேசினாங்களா?"

"ம். ரொம்ப நேரம்."

"என்ன பேசினாங்க?"

"தெரியல. நான் எதிர்ப்பக்கம் நின்னேன்."

அண்ணி உள்ளே போய்ச் சாப்பாடு போட்டார். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். இந்த ஞாயிறு தம்பி சாப்பிட வருவானா என்பது அவருக்குத் தெரியவில்லை.